படிக்கட்டில் நிறுத்திய சிரிப்பு

ரங்கசாமி அண்ணன் போய்விட்ட செய்தியை அன்று லீவில் இருந்த கீதாதான் ஃபோனில் சொன்னாள். சொல்ல வந்தாள் என்பதுதான் சரி. நான் எங்கே அவளைச் சொல்ல விட்டேன்? காலை டீ வந்து, கையிலிருந்த செம்புக் கம்பியை வைத்துவிட்டு டம்ளரை எடுத்த நேரம். "அக்கா, நம்ம ஸ்டோர்ஸ் ரங்கசாமி அண்ணன்..." என்று இழுத்தாள். அண்ணன் பெயரைக் கேட்டாலே எனக்கு வாய் சும்மா இருக்காது. "ஏன் கண்ணு, மறுக்காவும் பையன் எடுத்த படத்தைப் பாக்கப் போயிட்டாரா?" என்றேன். பக்கத்து மேசைகளில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஃபோனில் கீதா அழுவது கேட்டது.

காரமடை வீட்டில் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லையாம். அவருடைய சாவுச் செய்தி வந்தபோது என் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு ஒரு கிண்டல். அதுவும் அவருடைய முகத்துக்கு முன்னால் சொல்லத் துணியாத கிண்டல். அந்த டீயை நான் குடிக்கவில்லை.

காரியத்தன்று கொடுப்பதற்காக நம் பம்ப் கம்பெனி ஆட்கள் சேர்ந்து ஒரு சின்ன நினைவு மலர் போடுகிறோம் என்று உங்களுக்குத் தெரியும். "மரகதக்கா, நீங்களும் எழுதுங்க. அண்ணன்கிட்ட ரொம்ப வாயாடினது நீங்கதானே" என்றார்கள். நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். எழுத்துப் பிழை இருந்தால் கீதா திருத்துவாள். அண்ணன் நேரம் தவறமாட்டார், ஒரு நட்டு போல்ட்டுகூட அவர் கையை மீறிப் போகாது, யாரையும் அதட்டிப் பேசியதில்லை என்பதையெல்லாம் மற்றவர்கள் எழுதிவிடுவார்கள். எல்லாம் நிஜம். எனக்கு மிச்சம் இருப்பது அவர் என்னிடம் கேட்ட ஒரு கேள்விதான். அதற்கு நான் பதில் சொன்ன லட்சணத்தையே எழுதப்போகிறேன். மலருக்குப் பொருத்தமாக இருக்காது என்று தோன்றினால் கடைசிப் பக்கத்தில் போட்டுவிடுங்கள்.

புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். அண்ணன் ஸ்டோர்ஸ் பொறுப்பில் இருந்தார். நான் மோட்டார் காயில் சுற்றும் வைண்டிங் பகுதியில் இருக்கிறேன். கம்பி வாங்க ஸ்டோர்ஸுக்குப் போகும்போதெல்லாம் எதையாவது சொல்லி அவரை வம்புக்கு இழுப்பேன். மற்றவர்களாக இருந்தால் முகம் சுண்டியிருக்கும். அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிப்பார்.

காரமடையில் அவர் வீடு கட்டிப் புதுமனை புகுந்த அன்று நம் கம்பெனியே போயிருந்தது. வெளிச் சுவர் முழுக்கக் கத்திரிப்பூ நிறம். வந்தவர்கள் எல்லாரும் "ஊடு அருமைங்க, கலர் அருமைங்க" என்று சொல்லிச் சொல்லிப் பந்திக்கு நகர்ந்தார்கள். அண்ணன் நேராக என்னிடம் வந்தார்.

"அம்மணி, நீ சொல்லு."

"என்னத்தைச் சொல்றதுங்ணா? பெயிண்ட்காரர் கத்திரிக்கா யாவாரமும் பாக்கறாருங்களா?"

சுலோச்சனா அண்ணி வாயைப் பொத்திக்கொண்டார். அண்ணன் நடு வாசலில் நின்று அப்படிச் சிரித்தார். அடுத்த முறை நாங்கள் போனபோது வீடு சந்தன நிறத்துக்கு மாறியிருந்தது. "நீ ஒருத்தி சொன்னதுக்கு எத்தனை செலவு பாத்தியா" என்றார், நான் ஏதோ உபகாரம் செய்துவிட்ட மாதிரி.

அன்று அவர் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "நம்மூர்ல யாரையும் கேட்டு ஒண்ணும் தெரிஞ்சுக்க முடியாது அம்மணி. உப்புப் போடாத கொழம்பை ஊத்தினாலும் 'நல்லாருக்குதுங்க'ன்னு சாப்புட்டுட்டுப் போவாங்க. அவங்க ஊட்டுக்குப் போனதுக்கப்புறந்தான் உப்பைப் பத்திப் பேச்சே எடுப்பாங்க." இன்னொன்றும் சொன்னார். "கிண்டல் பண்றவங்க கிட்ட வந்து பாத்திருக்கோணும். எட்ட நின்னு பாக்கறவங்களுக்கு மரியாதைதான் வரும்."

ஆனால் அவருக்குக் கிண்டல் வராது. அதையும் சொல்லியாக வேண்டும். வராது என்பதோடு விட்டிருந்தால் பரவாயில்லை, முயற்சி செய்வார். ஒருநாள் கேன்டீன் டீ தண்ணீராக இருந்தது. "கேன்டீன்காரரும் நம்ம பம்ப்பை வாங்கிப்போட்டாரு போல" என்றார். சுமாரான கிண்டல்தான், ஓடியிருக்கும். யாரும் சிரிப்பதற்குள் அவரே, "தண்ணி ஏத்தறதுக்கு. டீயில. அதுக்குத்தான் பம்ப்பு" என்று விளக்கமும் சொல்லிவிட்டார். "நோட்ஸ் போட்டுக் கிண்டல் பண்ற ஒரே ஆளு நீங்கதானுங்ணா" என்று நான் சொன்னதற்குத்தான் எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

அவருடைய பையன் தினேஷை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். பீளமேட்டில் இன்ஜினியரிங் படித்தான், அங்கேயே ஒரு கம்ப்யூட்டர் ஆபீஸில் நல்ல வேலை. அதை விட்டுவிட்டு சினிமா எடுக்கச் சென்னைக்குப் போனான். அன்றிலிருந்து கல்யாணம் காட்சி என்று போனால் அண்ணனுக்கு ஒரே கஷ்டம். "பையன் என்னங்க பண்றாப்ல?" என்று உறவுக்காரர்கள் கேட்பார்கள். "மெட்ராஸ்ல இருக்கானுங்க" என்பார். என்ன பண்ணுகிறான் என்ற கேள்விக்கு எந்த ஊரில் இருக்கிறான் என்று பதில் சொல்லியே பல வருடங்களை ஓட்டினார். பையனிடம் சண்டை போட்டதில்லை. ஆனால் பேச்சும் குறைந்துபோயிருந்தது என்று அண்ணி சொல்வார்.

ஒருவழியாகத் தினேஷுக்குப் படம் கிடைத்தது. 'மூணாம் சங்கு' என்று பெயர். நம் தாத்தாக்கள் காலத்து மில்லில், மூன்றாம் ஷிப்டுக்குச் சங்கு ஊதும்போது ஒரு மேனேஜர் கொலையாகிறார். கோட்டும் தொப்பியும் போட்ட ஒரு துப்பறிகிறவர் யார் கொன்றது என்று தேடுகிறார். மூடிக்கிடந்த ஒரு பழைய மில்லில் படப்பிடிப்பு நடந்தது. சங்கு ஊதியதும் வேலையாட்கள் கேட்டுக்கு ஓடுகிற காட்சிக்கு ஆட்கள் வேண்டும் என்று அண்ணன்தான் நம்மைக் கூட்டிப்போனார். பழைய சேலையைக் கொசுவிக் கட்டிக்கொண்டு நானும் ஓடினேன்.

அண்ணன் சாப்பாட்டுத் தூக்கோடு ஓரமாக நின்றார். எவ்வளவு ஓரமாக நின்றாலும் தினேஷ் மைக்கில், "அப்பா, இன்னும் கொஞ்சம் தள்ளுங்க, ஃப்ரேம்ல வர்றீங்க" என்றான். தள்ளினார். மறுபடியும் சொன்னான். மறுபடியும் தள்ளினார். "இன்னும் கொஞ்சம் தள்ளினா சத்தியமங்கலம் போயிருவீங்கண்ணா" என்றேன். அவர் காதில் விழவில்லை. பையன் நூறு பேரை மைக்கில் அதட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு ஒரு உறவுக்காரர் வந்து பையனைப் பற்றிக் கேட்டிருந்தால் முதல் முறையாக நேரான பதில் சொல்லியிருப்பார்.

படம் வந்தது. ஞாயிற்றுக்கிழமைக் காலைக்காட்சிக்கு நாம் எல்லாரும் வேன் வைத்துப் போனோம். அண்ணன் எங்களோடு உட்காரவில்லை. அவர் முதல் நாளே பார்த்திருந்தார்.

படத்தைப் பற்றி நான் என்ன நினைத்தேன் என்பதை இப்போதாவது சொல்கிறேன். பார்க்க அழகான படம். எந்த இடத்தில் நிறுத்தினாலும் காலண்டரில் போடலாம். விளக்கு வெளிச்சத்தில் பஞ்சு பறக்கிறது, ஈரத் தரையில் கார் வருகிறது, புகைக்கு நடுவில் ஒரு முகம் தெரிகிறது. ஆனால் அந்தப் புகையில் கதை எங்கே போனது என்று தெரியவில்லை. துப்பறிகிறவர் ஜன்னலோரமாக நின்று யோசிக்கிறார். பிறகு வேறொரு ஜன்னலுக்குப் போய் யோசிக்கிறார். நம் மில் ஆட்கள் மெட்ராஸ்காரர்கள் மாதிரி பேசுகிறார்கள். பாடி ஆடுகிற ஒரு பாட்டுக்காரி வந்து போகிறாள். சங்கு ஊதியபடியே இருக்கிறது. கடைசியில் கொலைகாரன் யார் என்பதை அவர் கண்ணாடியைப் பார்த்துச் சொல்கிறார், அந்த நேரம் பார்த்து இடி இடித்துவிடுகிறது. நான் ஓடியதும் படத்தில் வந்தது. முதுகு மட்டும்.

முடிந்து வெளியே வந்தோம். கீழே இறங்குகிற படிக்கட்டில் கூட்டம் குறையட்டும் என்று நின்றோம். அங்கிருந்து பார்த்தால் வாசல் தெரியும். வாசலில் ஹெல்மெட்டைக் கழற்றாமல் ஒருவர் நின்று, வெளியே போகிற ஒவ்வொருவரையும் நிறுத்தி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டையைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அண்ணன்தான்.

"ஏனுங்க தம்பி, படம் எப்படிங்க?" என்று ஒரு காலேஜ் பையனைக் கேட்டார்.

"விஷுவல்ஸ் செமங்க. ஆனா கொன்னது யாருன்னு உங்களுக்குப் புரிஞ்சுதுங்களா?"

"எனக்கும் புரியலீங்க தம்பி" என்றார் இயக்குநரின் அப்பா.

குழந்தையைத் தோளில் போட்டிருந்த ஒரு அம்மாவைக் கேட்டார். "பாட்டுக்காரி கட்டியிருந்த சேலைக நல்லா இருந்துதுங்க. நடுவுல தூங்கிப்போட்டனுங்க. கொழந்தையும் தூங்கிருச்சு, அது ஒண்ணு லாபம்" என்றார் அந்தம்மா. இன்னொருவர் நிற்காமலே, "கோட்டு நல்லாருக்குது. கோட்டுக்குள்ளாற ஆளத்தான் காணோம்" என்று சொல்லிக்கொண்டே போனார். எல்லாருக்கும் அண்ணன் தலையாட்டி, "சரிங்க, சரிங்க" என்றார். முகத்தைத் தெரியாதவர்களிடம் நம் ஊர்க்காரர்கள் நிஜத்தைச் சொல்லிவிடுவார்கள். அது தெரிந்துதான் ஹெல்மெட்டோடு நின்றிருக்கிறார்.

படிக்கட்டில் நாங்களும் அதையேதான் பேசிக்கொண்டிருந்தோம். நான்தான் முதலில் ஆரம்பித்தேன். "படம் பூரா மழை. கோயமுத்தூருல அத்தனை மழை பேஞ்சிருந்தா எங்கம்மா எதுக்குக் கொடத்தைத் தூக்கிட்டுச் சிறுவாணித் தண்ணிக்குக் கொழாயடியில மல்லுக்கட்டினாங்க?" என்றேன். கீதா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "சித்திரை வெயில்ல அந்தக் கோட்டைப் போட்டுட்டு நின்னா கொலைகாரனை எதுக்குத் தேடோணும்? வேர்த்தே செத்துருவான்" என்று அடுத்ததை எடுத்துவிட்டேன். ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தோம்.

அண்ணன் எங்களைப் பார்த்துவிட்டுப் படியேறி வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றி இடுக்கிக்கொண்டு, கையில் மைசூர்பாகு டப்பாவோடு. சிரிப்பு சட்டென்று நின்றது. யார் நிறுத்தச் சொன்னது என்று தெரியவில்லை, கரண்ட் போன மாதிரி எல்லாரும் ஒன்றாக நிறுத்தினோம்.

"எடுத்துக்கோங்க, எடுத்துக்கோங்க" என்று ஒவ்வொருவர் கையிலும் ஒரு துண்டு வைத்தார். "படம் எப்படி?"

"அருமைங்ணா." "இங்கிலீஷ் படமாட்டம் இருக்குதுங்ணா." "பையன் பெரிய ஆளா வந்துருவாப்லீங்க." ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒரு நிமிடத்துக்கு முன்னால் சிரித்த அதே வாய்கள். கீதாவும்தான். அவள் இதைத் திருத்தும்போது அந்த வரியை எடுத்துவிட மாட்டாள் என்று நம்புகிறேன்.

அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கடைசியாக என்னிடம் திரும்பினார்.

"அம்மணி, நீ சொல்லு."

அவர் முகத்தைப் பார்த்தேன். புதுச் சட்டை, நெற்றியில் திருநாமம், ஹெல்மெட் அழுத்திய தடம். என் வாயில் அவர் கொடுத்த மைசூர்பாகு கரைந்துகொண்டிருந்தது. ஒருத்தர் கொடுத்த இனிப்பை மென்றுகொண்டே அவர் பிள்ளையின் படத்தைக் கிண்டல் பண்ணும் பழக்கம் நம் பக்கத்தில் இல்லை. மழை நாக்கு நுனிவரை வந்தது. மைசூர்பாகோடு சேர்த்து விழுங்கிவிட்டேன்.

"நல்லாருக்குதுங்கண்ணா. கலரெல்லாம் நல்லாருக்குதுங்க."

அவர் இன்னும் ஏதோ வரும் என்று நின்றார். நான் வேனைப் பார்த்தேன்.

"அப்படியா. சரி அம்மணி" என்றார். ஹெல்மெட்டை மறுபடியும் மாட்டிக்கொண்டு இறங்கிப்போனார். மனுஷர் மனசு நோகாமல் காப்பாற்றிவிட்டோம் என்று எனக்கு நிம்மதிகூட இருந்தது. வேனில் வரும்போது நல்ல காரியம் செய்தவள் மாதிரி உட்கார்ந்துகொண்டு மழைக் கிண்டலை இன்னொரு முறை சொன்னேன்.

படம் ஒரு வாரத்தில் தியேட்டரை விட்டுப் போயிற்று. அதற்குப் பிறகு அண்ணனிடம் நான் மரியாதையாகிவிட்டேன். ஸ்டோர்ஸுக்குப் போனால் "வணக்கமுங்க, சௌக்கியங்களா" என்பேன், கம்பியை வாங்குவேன், வந்துவிடுவேன். எதைச் சொன்னாலும் படத்தில் போய் முட்டிக்கொள்ளுமோ என்று பயம். அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். வழியனுப்பு விழாவில்கூட அவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை பேசிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். எல்லாரும் கைதட்டினார்கள். அவர் மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

சில மாதம் கழித்து ஒருநாள் கம்பெனிக்கு வந்தார். படம் ஃபோனில் வந்துவிட்டது, இப்போது வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்றார். கேன்டீனில் என் எதிரில் உட்கார்ந்து, படத்துக்குக் கீழே ஊர் பேர் தெரியாதவர்கள் எழுதியிருந்த அபிப்பிராயங்களை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினார். 'கண்ணுக்கு விருந்து, மூளைக்குப் பட்டினி' என்று ஒருவர். 'இன்னும் கொண்டாடியிருக்க வேண்டிய படம்' என்று ஒருவர். 'கொலைகாரன் யாரென்று தெரிந்தவர்கள் ஒரு லைக் போடவும்' என்று ஒருவர். அதற்கு ஒரே ஒரு லைக் விழுந்திருந்தது. "அது தினேஷா இருக்கும்" என்று அண்ணன் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. சிரிக்கலாமா கூடாதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஃபோனைச் சட்டைப் பையில் வைத்தார். "நீயும் இன்னொருக்கா பாத்துட்டுச் சொல்லு அம்மணி."

"நல்ல படந்தானுங்ணா. ஜனங்களுக்குத்தான் புரியலீங்க" என்றேன்.

அவர் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார். "நீ எப்ப இருந்து ஜனங்கள்ல சேத்தி இல்லாமப் போனே?"

அதற்கும் ஏதோ சொல்லி மழுப்பினேன். எழுந்து போகும்போது, "வாரேன் அம்மணி" என்றார். நான் பார்த்தது அதுதான் கடைசி.

செய்தி வந்த அன்று மதியமே நாம் காரமடைக்குப் போனோம். எடுத்து முடித்து ஆட்கள் கலைந்த பிறகும் அண்ணியோடு இருக்கலாம் என்று நான் தங்கினேன். தினேஷ் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். மொட்டை அடித்த தலையோடு அப்பாவைப் போலவே இருந்தான்.

"அக்கா, உங்களுக்கு ஒண்ணு சொல்லோணும்னு ரொம்ப நாளா இருந்தேன். தேங்க்ஸுங்க்கா."

எதற்கு என்று கேட்டேன்.

"படம் வந்த அந்த ஞாயித்துக்கிழமை நான் இங்கதான் இருந்தேன். ரூமைச் சாத்திட்டு உள்ளாறயே கிடந்தேன். சாப்புடலை. ஃபோன் பண்றவங்க எல்லாம் சூப்பர்ங்கறாங்க, தியேட்டர் காலி. யாரை நம்பறதுன்னே தெரியலீங்க்கா. அப்பா தியேட்டர்ல இருந்து வந்து கதவைத் தட்டினாரு. 'மரகதம் என்ன சொன்னா தெரியுமாடா?'ன்னு கேட்டாரு. நீங்க சொன்னதைச் சொன்னாரு. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. கதவைத் திறந்து வெளிய வந்து சாப்புட்டேன். அன்னிக்கு அப்பாவும் நானும் படத்துல என்னென்ன தப்புன்னு பேசிப் பேசிச் சிரிச்சோம். அப்பாகிட்ட அத்தனை நேரம் நான் பேசினதே இல்லீங்க்கா."

"நான் என்ன சொன்னேன்னு சொன்னாரு கண்ணு?"

"கோட்டைக் கழட்டி வச்சிருந்தா அந்தாளு கொலைகாரனைப் பிடிச்சிருப்பான்னு சொன்னீங்களாமா. கோட்டு கனம். கனமா இருந்தா ஓட முடியாது. அதுக்காகச் சொல்லியிருக்கறான்னாரு."

கோட்டு கனம், கனமாக இருந்தால் ஓட முடியாது. அந்த விளக்கத்தைக் கேட்டதும் யார் செய்த கிண்டல் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தினேஷ் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அடுத்த கதை எழுதிட்டிருக்கேன். முடிச்சா மொதல்ல உங்ககிட்டச் சொல்லோணும்னு அப்பா சொல்லியிருக்கறாரு" என்றான். நான் தலையாட்டினேன். அவன் எழுந்து போகிறவரை நிமிரவில்லை.

அண்ணி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவன் போனதும் மெதுவாகச் சொன்னார். "நீ அப்படிச் சொல்லலீன்னு எனக்குத் தெரியும் மரகதம்."

"அண்ணி..."

"அன்னிக்குத் தியேட்டருக்குப் போறப்பவே சொல்லிட்டுத்தான் போனாரு. 'அல்லாரும் நல்லாருக்குதும்பாங்க. மரகதம் ஒருத்தி கிண்டல் பண்ணுவா. அதைக் கொண்டாந்து இவன்கிட்டச் சொன்னா இவனும் சிரிச்சுட்டு வெளிய வருவான்'னு. வந்ததும் மரகதம் என்ன சொன்னான்னு கேட்டேன். 'நல்லாருக்குதுன்னு சொல்லிப்போட்டா. அவ கிண்டல் பண்றதுக்குக்கூட இல்லாத படமாயிருச்சு போல'ன்னாரு. அப்படியே இந்த நாற்காலியில உக்காந்துட்டாரு."

அண்ணி முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"இன்னொண்ணும் சொன்னாரு. 'படிக்கட்டுல எல்லாரும் சிரிச்சுட்டிருந்தாங்க. மரகதம் ஏதோ சொல்லிட்டிருந்தா. நான் கிட்டப் போனதும் நிறுத்திப்போட்டாங்க. என்ன சொல்லியிருப்பா?'ன்னு என்னையே கேட்டாரு. எனக்கென்ன தெரியும்? அப்புறம் அவரே உக்காந்து யோசிச்சு, இதாத்தான் இருக்கும்னு ஒண்ணைக் கட்டிக்கிட்டுப் போயிக் கதவைத் தட்டினாரு."

இத்தனை வருடத்தில் எத்தனையோ பேரைக் கிண்டல் பண்ணியிருக்கிறேன். யாராவது முகம் சுளித்தால் இரண்டு நாள் கழித்துச் சமாதானமாகிவிடும். கிண்டல் பண்ணாமல் விட்டதற்காக ஒருவர் முன்னால் தலை குனிவேன் என்று நினைத்ததில்லை. அந்தச் சிரிப்பில் தனக்கும் ஒரு பங்கு வேண்டும் என்றுதான் அவர் படியேறி வந்தார். நாங்கள் இனிப்பை வாங்கிக்கொண்டு சிரிப்பை ஒளித்துவிட்டோம். எட்ட நிற்கிறவர்களுக்குத்தான் மரியாதை வரும் என்று சொன்னவரை, வணக்கமுங்க சௌக்கியங்களா என்று எட்டத் தள்ளி நிறுத்தியவள் நான். பையன் மைக்கில் தள்ளச் சொன்னபோதுகூட அவர் அத்தனை தூரம் போகவில்லை.

இன்னொரு வெட்கமும் இருக்கிறது. அந்தப் படத்தில் எனக்கு நிஜமாகவே பிடித்த இடம் ஒன்று உண்டு. பாட்டுக்காரி ஆட்டம் முடிந்து பின்வாசலுக்கு வருகிறாள். கால் கொலுசைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு, சத்தம் வராமல், ஒற்றை விளக்குக்குக் கீழே நடந்து போகிறாள். வேலை முடிந்த ஒருத்தி வீட்டுக்குப் போவது அப்படித்தான் இருக்கும். அதை எடுத்தவனுக்குப் படம் எடுக்கத் தெரியும். மொத்தத்தையும் நல்லாருக்குது என்று பொய் சொன்னதால், நிஜமாக நல்லா இருந்த இதைச் சொல்ல இடமில்லாமல் போய்விட்டது. அண்ணன் அதையும் பையனிடம் கொண்டுபோயிருப்பார்.

தினேஷ் கண்ணு, இந்த மலர் உன் கைக்கும் வரும். அன்றைக்கு உன்னை வெளியே கொண்டுவந்த பேச்சு என்னுடையதல்ல, உன் அப்பாவுடையது. எனக்குச் சொல்ல வேண்டிய நன்றியை அவருக்குச் சொல். உன் அடுத்த கதையைக் கேட்க நான் வருகிறேன். மைசூர்பாகு வேண்டாம்.

நான் அவரிடமிருந்து எடுத்து வைத்துக்கொள்வது அந்தக் கோட்டுக் கிண்டலை மட்டும்தான். என் பெயரில் அவர் செய்தது, இனி என்னுடையதாகவே இருக்கட்டும். இந்த மலரைப் படிக்காதவர்கள் யார் கேட்டாலும் நான்தான் சொன்னேன் என்பேன், அந்த விளக்கத்தையும் சேர்த்தே சொல்வேன்.

ஆனால் அண்ணா, அந்தக் கிண்டல் எப்படி என்று நீங்கள் கேட்டால் நல்லாருக்குதுங்க என்று இனி சொல்லமாட்டேன். சுமாருங்ணா. பையன் படமே தேவலாமுங்க.